முப்பது நாட்கள், முப்பதாயிரம் சொற்கள்

(டெக்சாசு மாநிலம் ஃபிரிஸ்கோவில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எழுத்தாளராவது எப்படி?" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று நண்பர்கள் என்னைப் பணித்தனர். அத்தலைப்பில் பேசும் தகுதி எனக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் ஒரு பொறியியல் பட்டதாரி. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கணினித் துறையில் பணிபுரிபவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே நிலை மூன்று மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் தன்னார்வலன் என்று உங்களில் பலர் என்னை அறிவீர்கள். என் பெயரில் அச்சேறிய நூல் ஒன்றுகூடக் கிடையாது. ஆயினும் 2023ஆம் ஆண்டு நவம்பரில், முப்பது நாட்களில், ஒரு நாவலின் முதல் வரைவைத் தமிழில் எழுதி முடித்தேன். அதற்கு முந்தைய ஆண்டு இதே முயற்சியில் ஒன்பதாம் நாளன்று தோற்றேன். அந்த இரண்டு நவம்பர்களைப் பற்றி மட்டுமே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் இந்த அறைகூவல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1999ஆம் ஆண்டு சூலையில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கிறிஸ் பேட்டி என்ற இளைஞரும் அவர் நண்பர்களுமாக இருபத்தொரு பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று முடிவு செய்தனர்.  நாவல் என்றால் எத்தனை சொற்கள் இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, பேட்டி தம் அலமாரியில் இருந்தவற்றுள் சிறிய நாவலை எடுத்துத் தோராயமாக எண்ணிப் பார்த்து, ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அதன் இலக்கணம்! இருபத்தொருவரில் ஆறு பேர் முடித்தனர். மறு ஆண்டு, வெளியே செல்ல மனம் வராத குளிர்காலமாக இருக்கட்டும் என்று நவம்பருக்கு மாற்றினர்; 140 பேர் சேர்ந்தனர். அதற்கடுத்த ஆண்டு ஏறத்தாழ ஐயாயிரம் பேர். பின்னர் அது இலாப நோக்கற்ற அமைப்பாக வளர்ந்து, உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பங்கேற்கும் நிகழ்வாயிற்று. 'நானோரைமோ' என்ற அதன் சுருக்கப்பெயரை இங்குள்ள மாணவர்கள் பள்ளியில் கேட்டிருக்கலாம்.

நாளொன்றுக்கு 1,667 சொற்கள். எழுதியதை அழிக்கக் கூடாது. திருத்த உட்காரக் கூடாது. நவம்பர் 30 நள்ளிரவில் எண்ணிக்கை மட்டுமே பார்க்கப்படும். பரிசு என்று பணமோ பதக்கமோ கிடையாது. இதைக் கேட்டதும், "இப்படி எழுதினால் குப்பைதானே வரும்?" என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இடையில் ஒரு செய்தி. நம் ஊருக்கு ஃபிரிஸ்கோ என்ற பெயர் வந்ததும் சான் பிரான்சிஸ்கோவால்தான். 1902இல் தொடர்வண்டிப் பாதை வந்தபோது உருவான சிற்றூருக்கு முதலில் எமர்சன் என்றுதான் பெயர் வைத்தார்களாம். அதே போன்ற பெயருடன் வேறோர் ஊர் இருப்பதாக அஞ்சல் துறை மறுத்துவிடவே, செயின்ட் லூயிஸ் – சான் பிரான்சிஸ்கோ தொடர்வண்டி நிறுவனத்தின் பெயரிலிருந்து ஃபிரிஸ்கோ என்று எடுத்துக்கொண்டனர். வேடிக்கை என்னவெனில், அந்த நிறுவனத்தின் தண்டவாளம் கடைசிவரை சான் பிரான்சிஸ்கோவைச் சென்று சேரவே இல்லை. பாதியில் நின்ற என் முதல் நாவலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொடர்வண்டிதான் நினைவுக்கு வரும்.

2022இல் என் மகள் எட்டாம் வகுப்பு. பதினெட்டு அகவைக்குட்பட்டோருக்கென அந்த அமைப்பு தனியொரு திட்டம் வைத்திருந்தது. அதில் சிறுவர்கள் தங்கள் சொல்லெண்ணிக்கையைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். அவள் பதினையாயிரம் என்று போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள். "நீங்களும் தமிழில் எழுதுங்களேன் அப்பா, எப்போதும் தமிழ் தமிழ் என்கிறீர்களே" என்றாள். நானும் ஆர்வத்தோடு தொடங்கினேன். கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பொறியாளன் ஒருவன் பெரும் நிறுவனத்தின் மோசடியைக் கண்டுபிடிக்கும் கதை. துப்பாக்கி, துரத்தல், ஓர் அழகிய செய்தியாளர், யாவும் உண்டு. ஒன்பதாம் நாள் அலுவலகத்தில் புதிய மென்பொருள் பதிப்பு வெளியாகி, வெளியான வேகத்திலேயே பழுதாகி, மூன்று இரவுகள் உறக்கமில்லை. நான்காம் நாள் மீண்டும் அமர்ந்தபோது, அந்தப் பொறியாளன் அடுத்து என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. அலுவலகத்தின் மேல் பழியைப் போட்டு ஒதுங்கிக்கொண்டேன். என் மகள் பதினையாயிரத்தையும் முடித்துவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நவம்பருக்குள் நான் செய்த ஒரே உருப்படியான செயல் படித்தது. நண்பர் ஒருவர் ப. சிங்காரத்தின் இரு நாவல்களைக் கொடுத்தார். உங்களுள் சிலர் அப்பெயரைக் கேள்விப்பட்டிராமல் இருக்கலாம். சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல், பதினெட்டு அகவை இளைஞராக, இந்தோனேசியாவின் மேடானுக்குக் கடை வேலைக்குச் சென்றார். நம்மைப்போல் பொருள்தேடிக் கடல் கடந்தவர்தாம்; நுழைவிசைவுச் சீட்டு வேறு, மூட்டை வேறு, அவ்வளவே. உலகப்போரையும் சப்பானியர் ஆட்சியையும் அங்கேயே கண்டு, 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். அந்தப் பணியோடு எழுதியதுதான் 'கடலுக்கு அப்பால்'. அது எப்படி வெளிச்சத்துக்கு வந்தது தெரியுமா? 'கலைமகள்' இதழ் நடத்திய நாவல் போட்டியில் முதற்பரிசு பெற்று 1959இல் நூலானது. அடுத்து அவர் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் அச்சேறியது. மேடானும் பினாங்கும் அதில் உயிரோடு இருக்கின்றன. வட்டிக்கடையும் கிட்டங்கியும் துறைமுகமும் தமிழன் காலடி பட்ட தெருக்களும் பெயர் பெயராக வருகின்றன. மொத்தம் இரண்டே நாவல்கள். 1997இல் அவர் மறைந்தபோது பெரும்பாலான தமிழ் வாசகர்கள் அவரை அறிந்திருக்கவில்லை. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பட்டியலிடுவோர் 'புயலிலே ஒரு தோணி'யை விடுவதில்லை.

போட்டிக்கென்று எழுதுவது இலக்கியத்துக்கு இழுக்கு என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ராஜம் கிருஷ்ணன் அவர்களுக்குப் பதினைந்து அகவையில் திருமணம். முறையான கல்லூரிக் கல்வி கிடையாது. கணவர் ஒரு மின்பொறியாளர். அவருடைய 'பெண்குரல்' 1953இல் கலைமகள் பரிசு பெற்றது. பின்னாளில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் நடுவே சென்று தங்கி 'கரிப்பு மணிகள்' எழுதும் துணிவு வந்ததற்கு அந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். தொலைபேசித் துறையில் ஊழியராக இருந்த ஜெயமோகனின் 'ரப்பர்' அகிலன் நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்று 1990இல் வெளிவந்தது. அவரே பின்னர், 2014 சனவரி முதல் நாளன்று, நாளுக்கோர் அத்தியாயம் என்று மகாபாரதத்தை நாவலாக எழுதத் தொடங்கி, 2020 சூலையில் இருபத்தாறு நாவல்களாக முடித்தார். அதோடு ஒப்பிட்டால் நாம் பேசிக்கொண்டிருக்கும் முப்பது நாள் ஒரு பள்ளி விடுமுறை.

இவர்கள் அனைவரும் பிறப்பிலேயே மேதைகள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு வியப்பளித்தது வேறு. தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீபாக இருந்தவர். நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர். சுஜாதா பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனத்தில் பணியாற்றியவர். "வேலை இருக்கிறது, நேரம் இல்லை" என்று நான் கூறிவந்த காரணத்தை இவர்களில் ஒருவரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

சிங்காரத்தைப் படித்தபின் துப்பாக்கிக் கதையைத் தூக்கி வைத்தேன். எனக்குத் தெரிந்த ஒன்றை எழுத வேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது விருத்தாசலத்தில் என் தந்தையார் நடத்திய தட்டச்சுப் பயிலகம்.

மாணவச் செல்வங்களுக்காக ஒரு விளக்கம். அந்நாளில் எல்லாச் சிற்றூர்களிலும் 'டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்' ஒன்றிருக்கும். பத்தாம் வகுப்பு முடித்த அக்காமாரும் அண்ணன்மாரும் காலை ஆறு மணி முதல் மணிக்கணக்கு வைத்து வந்து பயில்வார்கள். ஆங்கில இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. தமிழ்த் தட்டச்சு தனி. முதல் நாள் 'யளனக' என்று தொடங்குவார்கள். அந்தத் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் புலம்பெயர்ந்த ஆர். முத்தையா என்பதை நாவலுக்காகத் தேடியபோதுதான் அறிந்தேன். நம்மைப்போல் ஊரைவிட்டுப் போன ஒருவர் செய்த பொறியில்தான் ஊரிலிருந்தோர் அனைவரும் தட்டச்சுப் பயின்றிருக்கிறார்கள்! என் தந்தையாரிடம் ஒன்பது பொறிகள் இருந்தன. ஒன்பதும் ஒருசேர ஒலிக்கும்போது தகரக்கூரையில் கோடைமழை பெய்வது போலிருக்கும்.

கதையும் ஆயத்தமாகவே இருந்தது. தட்டச்சுப் பயிலகம் நடத்தும் தந்தை. கணினி படிக்கப் போகும் மகன். கணினி வந்து தட்டச்சுப் பொறியை வீழ்த்துகிறது. மகனின் தொழிலே தந்தையின் தொழிலைக் கொன்றுவிடுகிறது. என் வாழ்வில் நடந்தது அதுதான் என்று கால் நூற்றாண்டாக நம்பியிருந்தேன். நான் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தது 1997இல். பயிலகம் மூடப்பட்டது 1999இல். "இனிமேல் கம்ப்யூட்டர் காலம்டா" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

எழுதுவதற்கு முன் சொற்கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தமிழில் ஐம்பதாயிரம் சொல் என்பது ஆங்கில ஐம்பதாயிரம் அன்று. 'வந்துகொண்டிருந்தவனைப்பற்றி' என்று நாம் ஒரே சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் எழுத ஆறேழு சொற்கள் வேண்டும். இரு மொழியிலும் உள்ள சில பக்கங்களை எடுத்து எண்ணினேன். நான் பார்த்தவற்றில் தமிழ், ஆங்கிலத்தின் பத்தில் ஆறு பங்கு அளவே வந்தது. ஆகவே முப்பதாயிரம், நாளுக்கு ஆயிரம் என்று வைத்துக்கொண்டேன். இது ஏமாற்று என்று என் மகள் வாதிட்டாள். கணக்கைக் காட்டியபின் ஒப்புக்கொண்டாள்.

நாளுக்கு ஆயிரம் சொல். அப்பாவிடம் இளநிலை முடித்த மாணவர் அதை முப்பத்து நான்கு நிமிடங்களில் அடித்து முடித்துவிடுவார். எனக்கு நாள்தோறும் இரண்டரை மணி நேரமாயிற்று. அரைமணி போக மீதி இரண்டு மணி நேரத்தில் நான் என்ன செய்தேன் என்றால், தெரியாதவற்றின் முன் விழித்துக்கொண்டிருந்தேன். பொறிக்கு எண்ணெய் விடுபவர் பெயர் என்ன? மாதக் கட்டணம் எவ்வளவு? நாடா எந்த ஊரிலிருந்து வரும்? கார்பன் தாளை எத்தனை முறை பயன்படுத்துவார்கள்? அந்த அறையில் பதினெட்டு ஆண்டுகள் வளர்ந்தவனுக்கு இவை ஒன்றும் தெரியவில்லை. அப்பா 2014இல் காலமாகிவிட்டார். எனவே நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு, ஊரில் மாலை ஐந்தாக இருக்கும், அம்மாவை அழைத்துக் கேட்கத் தொடங்கினேன்.

உண்மையைச் சொல்கிறேன். அதற்கு முன் வாரம் ஒருமுறை அழைப்பேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, இங்கே குளிர், அங்கே மழையா என்பதோடு முடிந்துவிடும். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என நினைக்கிறேன். அந்த நவம்பரில் அம்மா ஐந்து மணிக்குத் தொலைபேசியருகே வந்து அமர்ந்துவிடுவார்களாம். "நேத்து நாடா கேட்டியே தம்பி, ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு" என்று அவர்களே தொடங்குவார்கள்.

பதினான்காம் நாள். தீபாவளி முடிந்து இரண்டு நாள். பயிலகம் மூடப்படும் அத்தியாயத்துக்கு வந்திருந்தேன். "கணினி வந்ததும் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது அல்லவா?" என்று கேட்டேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "யாரு சொன்னா? புள்ளைங்க வந்துகிட்டுதான் இருந்தாங்க. மெஷின்தான் இல்ல" என்றார்கள். எனக்குப் புரியவில்லை. "உனக்குக் காலேஜுல பணம் கட்டணும்னு ஆறு மெஷினைப் பண்ருட்டிக்காரருக்குக் கொடுத்துட்டாரு. மூணை வச்சுகிட்டு எத்தனை பேருக்குச் சொல்லித் தர முடியும்? ரெண்டு வருஷம் ஓட்டிப் பார்த்தாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

எண்ணிப் பார்த்தால் இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். தமிழகத்தில் அரசு தட்டச்சுத் தேர்வுகள் இன்றும் நடக்கின்றன. அரசுத் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதால் ஊருக்கு ஊர் பயிலகங்கள் இன்றும் இயங்குகின்றன. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகைகளைக் கடந்துதான் போயிருக்கிறேன். "கம்ப்யூட்டர் காலம்டா" என்று அப்பா சொன்னதைக் காரணமாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு வாழ்க்கைக் கதையையே கட்டியிருந்தேன். என் நாவலில் பதினாலாயிரம் சொற்கள் அந்தப் பொய்யின்மேல் நின்றன.

சாதாரணமாக நான் அன்றே நிறுத்தியிருப்பேன். பொறியாளன் மனத்துக்கு அடித்தளம் தவறென்று தெரிந்தபின் மேலே கட்ட வராது. ஆனால் இந்த ஆட்டத்தின் விதி அழிக்கக் கூடாது என்பது. அன்று இருநூறு சொற்கள்தான் எழுதினேன். மறுநாள், நாவலில் வரும் மகன் பதினான்கு அத்தியாயங்கள் தவறாகவே நினைத்துக்கொண்டிருந்தான் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து தொடர்ந்தேன். வாசிப்பவர்களும் அவனோடு சேர்ந்து ஏமாறட்டும் என்று விட்டுவிட்டேன். நாவலில் ஏதேனும் நன்றாக வந்திருந்தால் அது அந்த இடம்தான். திட்டமிட்டு எழுதியிருந்தால் எனக்கு அது கிடைத்திராது.

இரவுதோறும் உணவுக்குப் பின் பத்து நிமிடம் மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கமாயிற்று. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், கேட்டால் புரியும். பொறிகளை விற்ற அத்தியாயத்தைப் படித்த அன்று, தாத்தாவை எண்ணிக் கண்கலங்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இது: "அந்தப் பையன், பணம் எங்கிருந்து வந்தது என்று ஏன் கேட்கவே இல்லை?"

எனக்கு விடை தெரியவில்லை. பதினெட்டு அகவையில் கல்லூரிக்குப் போகும் மகிழ்ச்சியில் கேட்கத் தோன்றவில்லை என்றேன். "அப்புறம்?" என்றாள். அப்புறமும் கேட்கவில்லை. வேலை கிடைத்தபோது, இங்கு வந்தபோது, ஃபிரிஸ்கோவில் வீடு வாங்கியபோது, ஒருமுறையும் கேட்கவில்லை. அடுத்த மூன்று நாட்கள் எழுதிய பகுதி முழுவதும் அந்த "அப்புறம்" என்பதற்கு விடை தேடியதுதான். இன்னும் சரியாக வரவில்லை, திருத்திக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 30, இரவு பதினொன்று. 30,216 சொற்கள். சனிக்கிழமைகளில் நான் எழுதிய இடம் நம் ஊரின் புதிய நூலகம். விண்கலப் பொறி செய்வதற்காகக் கட்டப்பட்ட கட்டடத்தைச் சீரமைத்து 2023 மார்ச்சில் திறந்தார்களே, வாயிலில் பெரிய டைனோசர் எலும்புக்கூட்டின் படிமம் நிற்கிறதே, அதுதான். மாடியில் சன்னலோரம் அமைதியான மேசைகள் உண்டு. பெற்றோர்கள் பிள்ளைகளை வகுப்புகளில் விட்டுவிட்டு வண்டியில் அமர்ந்து கைப்பேசி பார்க்கும் இரண்டு மணி நேரத்துக்கு அது நல்ல மாற்று.

குப்பையா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆம், பெரும்பகுதி குப்பைதான். ஒரே கதைமாந்தருக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் இறந்த தாத்தா பதினோராம் அத்தியாயத்தில் காப்பி குடிக்கிறார். சாரா குரூனின் 'யானைகளுக்குத் தண்ணீர்' இத்தகைய நவம்பர் வரைவாகத் தொடங்கி 2006இல் நூலாகி உலகெங்கும் விற்றது. எரின் மார்கன்ஸ்டர்ன் எழுதி 2011இல் வெளிவந்த 'இரவுச் சர்க்கஸ்' ஒரே நவம்பரில் அமைந்ததன்று. நவம்பர்களில் எழுதிச் சேர்த்து, பின்னர் பல ஆண்டுகள் திருப்பித் திருப்பி எழுதியது. முப்பது நாளில் நாவல் வராது. திருத்துவதற்கு ஒரு பொருள் வரும். என்னிடம் அது இருபது ஆண்டுகளாக இல்லாதிருந்தது.

அந்த அமைப்பு இப்போது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சு 31 அன்று, மூடுவதாக அறிவித்தது. நிதி நெருக்கடி ஒரு காரணம். 2023இல் இளம் உறுப்பினர்களின் பாதுகாப்பில் குறைபாடு இருந்ததாக எழுந்த குற்றச்சாட்டுகள் அதன் நம்பிக்கையைக் குலைத்தன. பெற்றோர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். 2024இல், எழுத்தில் செயற்கை அறிவைப் பயன்படுத்துவதை முற்றாகக் கண்டிப்பது தவறு என்ற பொருளில் அவ்வமைப்பு கூறியதும் பல எழுத்தாளர்கள் விலகினர். என் தொழிலில் நானும் நாள்தோறும் அக்கருவிகளைப் பயன்படுத்துகிறேன். ஐம்பதாயிரம் சொற்களைச் சில நிமிடங்களில் கொட்டித் தரும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிக் கொட்டியிருந்தால் கணினி தட்டச்சுப் பொறியை வீழ்த்திய கதை அழகாகவே வந்திருக்கும். நானும் அதை நம்பிக்கொண்டே இருந்திருப்பேன்.

அமைப்பு போனாலும் நாட்காட்டியில் நவம்பர் இருக்கிறது. 2025 நவம்பரில் நம் பள்ளிப் பெற்றோர் ஐவர் சேர்ந்து எழுதினோம். இருவர் முடித்தனர். முடித்தவருள் ஒருவர், பிள்ளைப்பேற்றுக்கு உதவ வந்து நான்கு குளிர்காலங்களை இங்கே கழித்த தம் மாமியாரைப் பற்றி எழுதினார். தொடங்கும்வரை, தம்மிடம் எழுத ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முப்பத்து நான்காயிரத்தைத் தொடாத ஃபிரிஸ்கோ, 2020இல் இரண்டு இலட்சத்தைக் கடந்தது. சோளமும் பருத்தியும் விளைந்த நிலத்தில் எழுந்த வீடுகளில், குலுக்கலுக்கும் பச்சை அட்டைக்கும் காத்திருந்த ஆண்டுகளும், ஊரில் நடந்த இறப்புக்குப் போக முடியாத இரவுகளும் இருக்கின்றன. மேடானைப் பற்றிச் சிங்காரம் எழுதியதுபோல் இவ்வூரைப் பற்றித் தமிழில் எழுத, அவ்வூர் தெரிந்தவர்கள்தாம் வேண்டும்.

எழுத விரும்புவோருக்கு நடைமுறைச் செய்திகள் சில. தட்டச்சு தடையாக இருந்தால் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு வாரத்தில் கைவரும். நான் இன்னும் ஆங்கில எழுத்துகளை அடித்துத்தான் தமிழ் எழுதுகிறேன், அப்பா பார்த்தால் விரலில் அடிப்பார். கைப்பேசியில் பேசினாலும் எழுத்தாகிறது. என் விருத்தாசலத்துப் பேச்சை அது புரிந்துகொள்ளும் விதம் தனி நகைச்சுவை, ஆனால் நடந்துகொண்டே நானூறு சொல் சேர்த்துவிடலாம். இல்லத்தில் ஒருவரிடமாவது எழுதுவதாகச் சொல்லி வையுங்கள். மாணவர்கள் எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். தமிழில் எழுதுவோர் மூவாயிரம் சொற்கள் போதும். பிழைகளை நாங்கள் டிசம்பரில்தான் பார்ப்போம். நவம்பரில் யாரும் சிவப்பு மை தொடமாட்டோம் என்று ஆசிரியர்கள் சார்பில் உறுதி கூறுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. நாவல் முடிந்துவிட்டது என்று தெரிவித்தபோது, "அப்போ இனிமே அஞ்சு மணிக்குக் கூப்பிட மாட்டியா?" என்றார்கள். இல்லை, திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது என்றேன். விற்காமல் மிஞ்சிய மூன்று பொறிகளில் ஒன்று ஊரில் பரணில் இருக்கிறதாம். கோடை விடுமுறையில் அதை இறக்கிப் பார்க்க மகளும் வருகிறாள்.

அடுத்த நவம்பரில் எழுத விரும்புவோர், காப்பி வைத்திருக்கும் மேசையில் ஒரு தாள் இருக்கிறது, உங்கள் பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள். பெயரோடு, யாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.